ஷட்டரின் பாரத்தை யார் தாங்குகிறார்?

வீட்டு ஷட்டரின் சுருள்வில் முறிந்துவிட்டால் அதை நாமே சரிசெய்து கொள்ளலாமா என்று கேட்போர்க்கு என் விடை ‘கூடாது’ என்பதே. ஆனால் பலரும் அந்த விடையோடு நின்றுவிடுகிறார்கள். தாம் தொடாமல் விலகிக்கொண்டதாலேயே ஆபத்து நீங்கிவிட்டதாக எண்ணுகிறார்கள். உண்மையில் அது நீங்குவதில்லை. வீட்டுக்காரரின் கையிலிருந்து, ஏணியின்மேல் நிற்கும் கூலித் தொழிலாளியின் கைக்கு மாறுகிறது. அந்த மாற்றத்தைப் பற்றி நாம் ஏன் பேசுவதில்லை என்பதே இப்பதிவின் பொருள்.

ஐதராபாத்தில் வாழ்வோர்க்கு ஷட்டரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பேகம் பஜார், கோட்டி, ராணிகஞ்ச் எனக் கடைத்தெரு எதுவாயினும் நாள் விடிவதும் முடிவதும் அதன் ஓசையில்தான். இந்நகரத்தார் தெருவை நோக்கிய கடையறையை ‘மல்கி’ என்பர். வீடு கட்டுவோர் தரைத்தளத்தில் ஓரிரு மல்கிகளைச் சேர்த்துக் கட்டி வாடகைக்கு விடுவது இங்குள்ள வழக்கம். வாடகைக்கு ஆள் வராத மல்கி, வண்டி நிறுத்தும் அறையாக மாறிவிடும். ஆகவே மேலைநாட்டார் ‘கராஜ்’ கதவு என்று எதைக் குறிப்பிடுகிறார்களோ, அதன் வேலையை நம் தெருக்களில் பெரும்பாலும் இந்தத் தகட்டு ஷட்டரே செய்கிறது. அங்கே கதவு பலகை பலகையாக மேலேறிக் கூரையடியில் படுத்துக்கொள்கிறது. இங்கே பட்டை பட்டையாகச் சுருண்டு வாசலின் தலைமாட்டில் அடங்குகிறது. உருவம் வேறாயினும் இரண்டின் பாரத்தையும் சுமப்பது சுருள்வில்தான்.

பரவலாகக் காணப்படும் அமைப்பு இதுதான். வாசலுக்கு மேலே, தகட்டு மூடிக்குள் ஓர் இரும்புக் குழாய் குறுக்காகக் கிடக்கும். அக்குழாய் சுழல்வதன்று, இருபுறத் தாங்கிகளிலும் ‘யூ’ வடிவக் கவ்விகளால் இறுக்கப்பட்டது. அதன்மேல் ‘புல்லி’ எனப்படும் வட்டப்பெட்டிகள் சுழலும். ஒவ்வொரு பெட்டிக்குள்ளும், பழைய கடிகாரத்தில் இருப்பதைப்போல, எஃகுப் பட்டை ஒன்று சுற்றப்பட்டிருக்கும். அதன் உள்முனை குழாயோடும் வெளிமுனை பெட்டியோடும் பிணைந்திருக்கும். ஷட்டரைக் கீழே இழுக்கும்போது பெட்டி சுழன்று வில் இறுகும். மேலே தள்ளும்போது அந்த இறுக்கம் தளர்ந்து நமக்குத் துணைபுரியும். வில்லின் விசை அதன் உருமாற்றத்துக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது இராபர்ட் ஹூக் 1678இல் விளக்கிய விதி. ஷட்டர் முழுவதும் இறங்கித் தொங்கும்போதே அதன் பாரம் மிகுதி. வில் மிக இறுகியிருப்பதும் அப்போதே. பாரம் கூடும் இடத்தில் துணையும் கூடுகிறது. இந்த எளிய பொருத்தத்தினால்தான் மெலிந்த ஒருவரும் தம் கடையை ஒற்றைக் கையால் திறக்க முடிகிறது.

அந்தத் துணையின் அளவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மூன்று மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் உள்ள ஒரு ஷட்டரின் பரப்பு ஏழரைச் சதுர மீட்டர். சதுர மீட்டருக்குப் பத்துக் கிலோ என்று கொண்டால் மொத்தம் 75 கிலோ. அதன் எடைமையம் ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் உயர வேண்டும். அதற்கு வேண்டிய ஆற்றல் 900 ஜூலுக்குச் சற்று மேல். ஒரு கிலோ எடையுள்ள சுத்தியல் ஒன்று 90 மீட்டர் உயரத்திலிருந்து விழும்போது பெறும் ஆற்றலும் ஏறத்தாழ இவ்வளவே. சார்மினாரின் உயரம்கூட அந்த அளவு இல்லை. மூடிக் கிடக்கும் ஒவ்வொரு ஷட்டருக்கு மேலும் இந்த ஆற்றல், மூன்று நான்கு வட்டப்பெட்டிகளுக்குள் பங்கிடப்பட்டு, ஓசையின்றித் தேங்கிக் கிடக்கிறது.

தேங்கிய ஆற்றல் என்னும் இக்கருத்தே என் வாதத்தின் அடிப்படை. நான் பழுதுபார்ப்பதற்கு எதிரானவன் அல்லன். பொருளை வாங்கியவருக்கு அதைத் திறந்து பார்க்கவும் சரிசெய்யவும் உரிமை உண்டு என்னும் இயக்கம் உலகெங்கும் வலுப்பெற்று வருகிறது. இந்திய அரசின் நுகர்வோர் நலத்துறையும் அதற்கென 2022இல் ஓர் இணையதளத்தைத் தொடங்கியது. மின்விசிறி, மிக்ஸி, மிதிவண்டி ஆகியவற்றை வீட்டில் பிரித்துப் பார்ப்பதை நான் வரவேற்கிறேன். அவை நின்றால் நின்றவைதான். மின்னிணைப்பைத் துண்டித்தபின் மின்விசிறி யாரையும் தாக்குவதில்லை. ஷட்டர் அத்தகையது அன்று. பெட்டிகளுள் ஒன்றில் வில் முறிந்தாலும் மற்றவை இறுகியே இருக்கும். அந்நிலையில் ‘யூ’ கவ்வியின் திருகைத் தளர்த்தினால், அசையாது கிடந்த குழாய் மின்னலெனச் சுழலும். அதைப் பற்றியிருக்கும் பைப் ரெஞ்சும் உடன் சுழலும். பழுதான பொருளுக்கும் ஓய்ந்த பொருளுக்கும் உள்ள இவ்வேறுபாட்டை அறியாமல், இரண்டு நிமிடக் காணொளியைப் பார்த்துவிட்டு ஏணியில் ஏறுவதைத் துணிவு என்று நான் கருதவில்லை.

சுருள்வில் ஏன் முறிகிறது? ‘மட்டமான சாமான்’ என்று கடைக்காரரைப் பழிப்பது எளிது. சிலபோது அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் நல்ல எஃகால் செய்த வில்லும் ஒருநாள் முறியத்தான் செய்யும். 1842இல் பாரிசுக்கு அருகே வெர்சாய் இருப்புப்பாதையில் ஓர் இஞ்சினின் அச்சு முறிந்து பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. தாங்கக்கூடிய பாரத்தையே மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினாலும் உலோகம் களைத்துப்போகும் என்னும் உண்மையை, அதையடுத்த பல்லாண்டு ஆய்வுகளே நிலைநாட்டின. செருமானியப் பொறியாளர் ஔகுஸ்ட் வோலர் அவற்றுள் முதன்மையானவர். துருப்பிடித்த ஒரு சிறு குழியிலோ, வளைத்த கொக்கியின் மூலையிலோ மயிரிழை போன்ற விரிசல் தோன்றும். ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் அது நுண்ணளவில் வளரும். எஞ்சிய பகுதி பாரத்தைத் தாங்க இயலாத கணத்தில் வெடியோசையோடு முறியும். நேற்றுவரை நன்றாக இருந்ததே என்று வீட்டார் வியப்பர். நேற்றும் அது முறிந்துகொண்டுதான் இருந்தது.

ஆகவே சுருள்வில்லின் ஆயுளை ஆண்டுகளால் அளப்பதைவிட, திறந்து மூடும் எண்ணிக்கையால் அளப்பதே பொருந்தும். அமெரிக்கக் கராஜ் கதவுகளின் விற்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் ஆயுள் பத்தாயிரம் சுற்று. நாளைக்கு ஒருமுறை திறந்து மூடும் கடையில் அது 27 ஆண்டுகள் வரும். காலையும் மாலையும் வண்டியை எடுத்து, ஒவ்வொரு முறையும் உடனே மூடித் திறக்கும் வீட்டில், நாளைக்கு நான்கு சுற்று என்றால் ஏழு ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். மாத்திரை அட்டையின்மேல் காலாவதி நாள் இருக்கிறது. எரிவாயு உருளையின்மேல் அடுத்த சோதனைக்குரிய காலாண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. என் ஆய்வுக்காக நான் ஏறி இறங்கிய உதிரிபாகக் கடைகளில் பார்த்த விற்கள் எதன்மேலும் அத்தகைய எண் இல்லை. ஷட்டர்களுக்கென ஐ.எஸ். 6248 என்னும் இந்தியத் தரவரையறை இருக்கிறது; அதன் 1979ஆம் ஆண்டுப் பதிப்பு இன்றும் அரசுக் கட்டுமானங்களில் மேற்கோள் காட்டப்படுகிறது. தெருமுனைப் பட்டறையில் ஷட்டர் வாங்குபவர் எவரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. காஞ்சன்பாக்கில் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகமும், 1973இல் தொடங்கப்பட்ட மிதானி நிறுவனமும் இயங்கும் நகரம் இது. ஏவுகணைக்கும் விண்கலத்துக்கும் வேண்டிய உலோகங்களை நாள்தோறும் சோதிக்கும் ஊரில், தலைக்கு மேலே தொங்கும் எஃகுப் பட்டையின் வயதை அறிவார் இல்லை.

இனி மிஸ்திரியிடம் வருவோம். பழுதுபார்க்கும் தொழில்களை ஆராய்கிறவன் என்ற முறையில் ஷட்டர் மிஸ்திரிகள் சிலரோடு பழகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அவர்களுடைய அறிவு எந்த நூலிலும் எழுதப்படாதது. ஷட்டரை இடுப்பளவு தூக்கி மெல்லக் கைவிட்டு, அது நிற்கிறதா, இறங்குகிறதா, ஏறுகிறதா என்று பார்த்தே இன்னும் எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். குழாயை முறுக்க ஒருவர், கவ்வியை இறுக்க மற்றொருவர் என இரண்டு பேர் வேண்டிய வேலை இது. முதல் ஆள் பிடித்திருப்பதை அவர் விடும் முன்பே இரண்டாம் ஆள் இறுக்கியாக வேண்டும். ஆனால் வீட்டுக்காரர் முதலில் பேரம் பேசுவது அந்த இரண்டாம் ஆளின் கூலியைத்தான். “ஒரு ஸ்ப்ரிங் மாற்ற இரண்டு பேரா?” என்னும் கேள்வியை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை அப்படித் தனியாக வந்த மிஸ்திரி, எதிர்க் கடையில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரை அழைத்து ரெஞ்சைப் பிடிக்கச் சொன்னார். எதைப் பிடித்திருக்கிறோம் என்று அந்த இளைஞருக்குத் தெரியாது. வேலை நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக முடிந்ததனாலேயே அடுத்த வீட்டிலும் அதே பேரம் நடக்கும்.

செலவைக் குறைக்க வேறொரு வழியும் கையாளப்படுகிறது. முறிந்த பட்டையின் முனையை நெருப்பில் காய்ச்சிப் புதிதாகக் கொக்கி வளைத்து, அதே வில்லை மீண்டும் மாட்டுவதுண்டு. விற்களுக்கான எஃகு, கரிமம் மிகுந்தது. அதன் வலிமை அதைக் காய்ச்சி ஆற்றிய முறையில் அடங்கியிருக்கிறது. மீண்டும் தாறுமாறாகச் சூடேற்றினால் ஓரிடம் மென்மையாகும். சட்டென்று குளிர்ந்தால் ஓரிடம் கண்ணாடிபோல நொறுங்கும் தன்மை பெறும். பற்றவைப்பு அதைவிடக் கேடு. மிஸ்திரிகளுக்கு இது தெரியும். ‘இதையே சரிபண்ணிக் கொடு’ என்று கேட்கப்படுவதனாலேயே செய்கிறார்கள். பிறகு அது முறியும்போது பழி அவர்கள்மேல் விழுகிறது.

விபத்து நேர்ந்தால் சட்டம் காக்காதா என்று கேட்கலாம். 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டம் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலைசெய்யும் நிறுவனங்களை மனத்தில் கொண்டு இயற்றப்பட்டது. ஒருவர் தம் சொந்தக் குடியிருப்புக்காகப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்படாத செலவில் செய்துகொள்ளும் வேலையை அது தன் வரம்புக்கு வெளியே வைத்தது. ஏணியும் ரெஞ்சும் இருசக்கர வண்டியில் கட்டிக்கொண்டு வரும் மிஸ்திரி எந்த நிறுவனத்தின் ஊழியரும் அல்லர். அவர் கைவிரல் போனால் அது அவருடைய கவனக்குறைவு; உயிர் போனால் அது விதி. இத்தகைய இறப்புகள் ஆண்டறிக்கைகளில் ஏதேனும் ஒரு பொதுத் தலைப்புக்குள் கரைந்துவிடுகின்றன. எண்ணப்படாத துயருக்கு விதிமுறை பிறப்பதில்லை.

எண்ணப்பட்டால் என்ன நிகழும் என்பதற்கு அமெரிக்கா சான்று. அங்கே 1920களிலேயே மேலெழும் கராஜ் கதவும் அதை இயக்கும் மின்மோட்டாரும் சந்தைக்கு வந்துவிட்டன. தானாக இறங்கும் கதவின் அடியில் சிக்கிக் குழந்தைகள் இறந்தது ஆண்டுதோறும் கணக்கெடுக்கப்பட்டது. அதன் விளைவாக 1990இல் சட்டம் இயற்றி, 1993 முதல் உற்பத்தியாகும் வீட்டுக் கராஜ் மோட்டார்கள் யாவும் இடையில் எதுவும் அகப்பட்டால் திரும்பி மேலேற வேண்டும் என்று விதித்தார்கள். அங்கு எல்லாம் செம்மையாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஓர் இறப்பைத் தலைவிதி என்று ஏற்பதற்கும், பொருளின் வடிவமைப்பில் உள்ள குறை என்று ஏற்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு இருக்கிறது என்பதையே சுட்டுகிறேன்.

ஷட்டர் திறவாமற்போவது வெறும் அசௌகரியம் என்று கருதுவோர் இந்நகரத்திலேயே நடந்ததை நினைவுகூர வேண்டும். 2022 மார்ச் 23 அதிகாலையில் சிக்கந்தராபாத்தின் போயிகுடாவில் பழைய பொருள் கிடங்கு ஒன்று தீப்பற்றியது. மாடியில் உறங்கிக்கொண்டிருந்த பீகார்த் தொழிலாளர் 11 பேர் இறந்தனர். அவர்கள் வெளியேற இருந்த ஒரே வழி கீழ்த்தளக் கடையினூடே சென்றது; அதன் ஷட்டர் மூடியிருந்தது என்று காவல்துறை அன்று தெரிவித்தது. அங்கே சுருள்வில் முறிந்திருந்தது என்று நான் கூறவில்லை. நான் கேட்பது வேறு. ஒரே வாசல் உள்ள அறையில் ஆட்களைத் தங்கவைத்து, அந்த வாசலை 75 கிலோ தகட்டால் மூடி, அத்தகட்டைத் தூக்கும் திறனை வயதறியாத ஒரு வில்லிடம் ஒப்படைத்திருக்கும் மல்கிகள் இன்று இந்நகரில் எத்தனை? புகை சூழ்ந்த இருளில், வில் முறிந்த ஷட்டரைத் தனியொருவர் தூக்க இயலாது.

எனக்கு வரக்கூடிய மறுப்பை நான் அறிவேன். ‘விதிமுறை, சான்றிதழ் என்று போனால் பெரிய நிறுவனங்கள் நுழைந்து சிறு மிஸ்திரிகளின் பிழைப்பைக் கெடுத்துவிடும்; ஏழைக் கடைக்காரர் செலவைத் தாங்கமாட்டார்’ என்பர். நேர்மையான கவலை அது. அதனாலேயே நான் உரிமம் கேட்கவில்லை. ஆய்வாளர் படையையும் கேட்கவில்லை. வில்லை உற்பத்தி செய்பவர் அதன்மேல் ஆண்டையும் தாங்கும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் பொறிக்கட்டும். மிஸ்திரி மாட்டிய நாளை மூடியின் உட்புறத்தில் பெயிண்டால் எழுதட்டும். அடுக்ககச் சங்கங்களும் வணிகர் சங்கங்களும் தத்தம் கட்டடத்து ஷட்டர்களை ஆண்டுக்கு ஒருமுறை ஒரே மிஸ்திரியைக் கொண்டு பார்க்கச் செய்யட்டும். அது அவருடைய பிழைப்பைக் கெடுக்காது, உறுதிப்படுத்தும். ஒரே ஷட்டரை மட்டும் வாசலாகக் கொண்ட அறையில் இரவில் எவரையும் உறங்கவைக்காதிருப்பது இவை அனைத்திலும் முதன்மையானது. அதற்குச் செலவைவிட மனமே வேண்டும்.

வீட்டார் செய்யத்தக்கவையும் உண்டு. வழக்கத்தைவிட ஷட்டர் கனத்தாலோ, ஒருபக்கம் தாழ்ந்து கோணலாக ஏறினாலோ, பாதியில் விட்டால் தடதடவென்று இறங்கினாலோ, மேலிருந்து வெடியோசை கேட்டிருந்தாலோ, அன்றோடு அதை இயக்குவதை நிறுத்திவிடுங்கள். மோட்டார் பூட்டியதாயின் மின்னிணைப்பைத் துண்டியுங்கள். வில்லின் பாரத்தையும் சேர்த்து இழுக்க அந்த மோட்டார் ஆக்கப்படவில்லை. ஷட்டர் கீழே கிடந்தால் கிடக்கட்டும். வண்டி உள்ளே அகப்பட்டிருந்தால் அன்றைக்கு ஆட்டோவில் செல்லுங்கள். மேலே நின்றுவிட்டதாயின் எவரும் அதன்கீழ்ப் போகாதபடி தடுப்பு வையுங்கள், குறிப்பாகக் குழந்தைகள். நலமாக இயங்கும் காலத்தில் பக்கவாட்டுத் தடங்களில் சேரும் மண்ணை அகற்றுவதும், மழைக்காலத்துக்கு முன் துருவைக் கவனிப்பதும் உங்கள் வேலை. கவ்வி, குழாய், பெட்டி ஆகிய மூன்றையும் தொடுவது உங்கள் வேலை அன்று.

மிஸ்திரி வந்தால் இரண்டு கேள்விகள் கேளுங்கள். மற்ற விற்களின் வயது என்ன? எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற எவ்வளவு ஆகும்? ஒரே நாளில் மாட்டிய நான்கில் ஒன்று களைத்து முறிந்ததென்றால் மற்ற மூன்றும் அதே களைப்பில்தான் இருக்கும். ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மிச்சம் பிடித்ததாக மகிழ்வோர், சில மாதங்களில் மிஸ்திரியை மீண்டும் அதே ஏணியில் ஏற்றுகிறார்கள். அவர் இருவர் கூலியைச் சொன்னால் அதைக் குறைக்காதீர்கள். அவர் தனியாக வந்திருந்தால், துணைக்கு ஓர் ஆளை அழைத்துவரச் சொல்லி, அந்தக் கூலியையும் தருவதாக முதலிலேயே கூறிவிடுங்கள். அந்த இரண்டாவது கூலி தயவன்று. நம் வாசலின் பாரத்தில் நாம் செலுத்தவேண்டிய பங்கு.